ஸ்விஃப்டுக்கு 17 அங்குல அலாய், 45 மி.மீ. இறக்கம்: செய்யலாமா, வேண்டாமா?

கோவை_வெள்ளை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், வெள்ளை நிறம். கம்பெனி கொடுத்த 14 அங்குல இரும்புச் சக்கரமும் 165/80 டயரும் இன்னும் அப்படியே இருக்கின்றன. பின்னால் நின்று பார்த்தால் பெரிய வேட்டிக்குள் ஒல்லிக்கால் தெரிவதுபோல் இருக்கிறது. டயரும் தேய்ந்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு கடையில் கேட்டேன். 17 அங்குல அலாய் (அலுமினியக் கலப்புலோகச் சக்கரம்), 7ஜே அகலம், அதாவது 7 அங்குலம், 205/45 டயர், கூடவே 45 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் என்று ஒரு தொகுப்பு சொன்னார்கள். எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல் போகிறது. பழைய ஷாக் அப்சார்பரே போதும், மாற்றவேண்டாம் என்கிறார்கள். சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீடு, தரைக்குக் கீழே நிறுத்துமிடம். வார நாட்களில் அலுவலகம், மாதத்துக்கு ஒருமுறை அப்பா அம்மாவுடன் பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் போவோம். டயர் உரசுமா? போலீஸ் பிடிக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டாக்கே_அழகு

காரை விட்டுவிடுங்கள். எண்பதாயிரத்தை வங்கியில் போடுங்கள்.

நான்காம்_கியர்

மேலே உள்ள அறிவுரை இந்தத் தளத்தில் ஒவ்வோர் இழையிலும் வரும், வரட்டும். கேட்டவருக்குப் பதில் சொல்வோம்.

முதலில் விட்டம். 165/80 ஆர்14 என்றால் டயரின் பக்கச்சுவர் அதன் அகலமான 165-இல் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. இரண்டு பக்கமும் 264, நடுவில் 14 அங்குலம் 355.6. மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 205/45 ஆர்17 கணக்குப் போட்டால் 616 வருகிறது. ஒரு விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை. ஆகவே வேகமானி பொய் சொல்லாது, ஏபிஎஸ் குழம்பாது. இந்த இடத்தில் கடைக்காரர் சொல்வது சரிதான்.

சிக்கல் மற்ற எண்களில் இருக்கிறது. உங்கள் பக்கச்சுவர் 132-லிருந்து 92 மி.மீ.-க்கு இறங்குகிறது. அந்த 40 மி.மீ. ரப்பரும் காற்றும்தான் இன்றைக்கு அவிநாசி சாலைப் பள்ளங்களில் உங்கள் சக்கரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. இரும்புச் சக்கரம் அடிபட்டால் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலாய் அடிபட்டால் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் செய்து தருகிறோம் என்பவரிடமிருந்து ஓடிவிடுங்கள்.

அடுத்து டயரின் மேல் அளவுக்குப் பின்னால் வரும் எண். உங்கள் 165/80 டயரில் 85 என்று இருக்கும், அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 205/45 ஆர்17 சாதாரண டயரில் அது 84, அதாவது 500 கிலோ. கம்பெனி கொடுத்ததைவிடத் தாங்குதிறன் குறைந்த டயரை எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. அதே அளவில் எக்ஸ்எல் எனப்படும் வலுவூட்டிய வகை உண்டு, 88, அதாவது 560 கிலோ. 17-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதைக் கேளுங்கள். கடைக்காரர் விலைப்பட்டியலில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

மூன்றாவது ஆஃப்செட், அதாவது சக்கரம் வண்டியில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. அதற்கு முன்: கடையில் சொன்ன சக்கரத்தின் ஆஃப்செட் என்ன? நீங்கள் எழுதவில்லை.

கோவை_வெள்ளை

கேட்டேன் அண்ணா. "எல்லாம் ஸ்விஃப்டுக்குப் பொருந்தும், நான்கு ஓட்டைதானே" என்றார். வற்புறுத்தியபின் 35 என்றார்.

நான்காம்_கியர்

நான்கு ஓட்டை என்பது விடையின் கால்வாசி. ஸ்விஃப்டின் ஓட்டை வட்டம் 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு ஓட்டை. பலேனோவும் ஐ20-யும் அதே. ஆனால் சக்கரம் மையத்திலிருந்து எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை ஆஃப்செட்தான் முடிவு செய்கிறது.

உங்கள் சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், அகலமும் ஆஃப்செட்டும் பொறித்திருக்கும். கணக்குக்காக 5½ஜே, ஆஃப்செட் 40 என்று வைத்துக்கொள்வோம். புதியது 7ஜே, 35. அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, அதில் பாதி, 19 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் போகும். ஆஃப்செட் 5 குறைவதால் சக்கரம் முழுவதும் 5 மி.மீ. வெளியே தள்ளுகிறது. ஆக வெளிவிளிம்பு 24 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகிறது. வெளியே ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் உடற்தகடு) உதடு, உள்ளே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்). இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று உங்கள் வண்டியில் விரலை விட்டுப் பாருங்கள். உங்கள் சக்கரத்தின் உண்மையான எண்கள் வேறாக இருந்தால் அவற்றை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

காலி வண்டி நேராக நிற்கும்போது இது உரசாமல் இருக்கலாம். 45 மி.மீ. இறக்கி, பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள். ஃபெண்டர் உதடு டயரின் தோளைச் சீவும்.

அலைன்மென்ட்_அண்ணாச்சி

தம்பி, நான் திருநெல்வேலியில் வீல் அலைன்மென்ட் நிலையம் நடத்துகிறேன். கடைக்காரர் சொல்லாத இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

ஸ்விஃப்டின் மையத்துளை, அதாவது அச்சுமுனையில் உட்காரும் சக்கரத்தின் நடுத்துளை, 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்கள் எல்லா வண்டிக்கும் விற்கவேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 துளையோடு வரும். நடுவில் காலியிடம் இருக்கும். அதை அடைக்க ஒரு வளையம் போடவேண்டும். பிளாஸ்டிக்கிலும் வரும், அலுமினியத்திலும் வரும். விலை சொற்பம். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் சக்கரம் மையத்தில் உட்காராது. 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். என்னிடம் வருகிறவர்கள் "நான்கு முறை பாலன்சிங் செய்துவிட்டேன், நடுக்கம் போகவில்லை" என்பார்கள். சக்கரத்தைக் கழற்றினால் வளையம் இருக்காது. பாலன்சிங் எந்திரத்தில் சக்கரம் கூம்பு வைத்து மையப்படுத்தப்படுகிறது, அதனால் எந்திரம் பூஜ்யம் காட்டும். வண்டியில் மாட்டியபின்தான் குறை தெரியும்.

இன்னொன்று ஸ்பிரிங். "இறக்கும் ஸ்பிரிங்" என்றால் பெட்டியில் வருவதா, அல்லது உங்கள் ஸ்பிரிங்கையே வெட்டித் தருவதா என்று நேரடியாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வெட்டிய ஸ்பிரிங்கோடுதான் சுற்றுகிறார்கள். சிலர் வெல்டிங் தீயில் காட்டித் தொய்ய வைக்கிறார்கள். அது அதைவிடக் கொடுமை, எஃகின் பதமே போய்விடும்.

வெட்டினால் என்ன ஆகும் என்றால், ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் இருபது விழுக்காடு விறைப்பு கூடும். யாரும் கணக்குப் பார்த்து வெட்டுவதில்லை. வெட்டிய முனை ஒழுங்காக இருக்கையில் உட்காராது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் உள்ளே தளர்ந்து கலகலவென்று ஆடும். ஓடும் வண்டியில் ஒரு மேட்டைத் தாண்டும்போது சக்கரம் காற்றில் தொங்கினால் அதேதான் நடக்கும். இடத்தைவிட்டு நகர்ந்த ஸ்பிரிங் திரும்பச் சரியாக உட்காரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கோவை_வெள்ளை

அண்ணாச்சி, கேட்டுவிட்டேன். வெட்டுவதில்லையாம், "இறக்குமதிச் சரக்கு" என்கிறார். பெட்டியில் பாகத்தின் எண் இருக்கிறதா என்றால் "வந்ததும் காட்டுகிறேன்" என்கிறார்.

அலைன்மென்ட்_அண்ணாச்சி

வந்ததும் காட்டட்டும். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆனைமலை_வளைவு

எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள். நானும் ஸ்விஃப்ட்தான் வைத்திருக்கிறேன், 30 மி.மீ. இறக்கியிருக்கிறேன், அதற்கென்றே தயாரித்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டையூசி வளைவு. கம்பெனி சஸ்பென்ஷனில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி கவிழ்வதுபோல் சாயும். இப்போது தரையில் ஒட்டவைத்ததுபோல் போகிறது. செட்டிபாளையம் கரி வேகப்பாதையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இறக்கினால் கையாளுதல் கூடும், இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

நான்காம்_கியர்

உங்கள் வண்டி நன்றாகப் போகிறது என்பதை நம்புகிறேன். காரணம்தான் நீங்கள் சொல்வது அல்ல.

ஸ்விஃப்டில் முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட். கீழே ஒரு கை சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. கம்பெனி உயரத்தில் அது கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும். வண்டியை இறக்கினால் கையின் உள்முனை கீழே போகிறது, சக்கரத்துப் பக்க முனை மேலே நிற்கிறது. அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம் சட்டென்று கீழே போய்விடும், வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீள்கிறது. உயரத்தை மட்டும் குறைத்து ஸ்பிரிங் விறைப்பை மாற்றாமல் விட்டால் இத்தகைய வண்டி முன்னைவிட அதிகமாகவே சாயும்.

உங்கள் வண்டி சாயாததற்குக் காரணம் விறைப்பான ஸ்பிரிங்கும் அதை அடக்கத் தெரிந்த ஷாக் அப்சார்பரும். அதே விறைப்பைக் கம்பெனி உயரத்திலேயே வைத்திருந்தாலும் வால்பாறையில் பெரும்பகுதிப் பலன் கிடைத்திருக்கும்.

கரி வேகப்பாதையில் வேகத்தடை கிடையாது, நினைவிருக்கட்டும்.

ஆனைமலை_வளைவு

கோட்பாடு வேறு, சாலை வேறு. 30 மி.மீ. இறக்கத்தில் நீங்கள் சொல்லும் நெம்புகோல் எவ்வளவு நீண்டுவிடும்? நான் ஓட்டுகிறேன், எனக்குத் தெரிகிறது. எடை மையம் இறங்கினால் வளைவில் வெளிச் சக்கரத்துக்கு மாறும் எடை குறையும், இதை நீங்கள் மறுக்க முடியாது.

நான்காம்_கியர்

மறுக்கவில்லை. எடை மாற்றம் குறையும், அது உண்மை. சாய்வு வேறு, எடை மாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி "இறக்கினால் எல்லாம் கூடும்" என்பதைத்தான் மறுக்கிறேன். உங்கள் 30-ஐ அல்ல, அவருடைய 45-ஐயும் பழைய ஷாக் அப்சார்பரையும் பற்றித்தான் என் கவலை.

மங்கை_போலோ

இருவருக்கும் நடுவில் நான் வரலாமா? என் போலோவில் ஐபாக் ப்ரோகிட் ஸ்பிரிங்கும் பில்ஸ்டைன் பி8 ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. பில்ஸ்டைனிலேயே பி6, பி8 என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய வண்டிக்கு, அதன் உடல் குட்டையானது. இறக்கிய வண்டியில் சாதாரண நீள ஷாக் அப்சார்பரைப் போட்டால் அதன் தண்டு எப்போதும் பாதிக்கு மேல் உள்ளே அமுங்கியே இருக்கும். மேலே இருக்கும் ரப்பர் கட்டையில் அடிக்கடி முட்டும். அந்த முட்டலைத்தான் பலர் "ஸ்போர்ட்ஸ் வண்டி, அதனால் விறைப்பு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் சீல் போய் எண்ணெய் கசியும். ஆகவே "பழைய ஷாக் அப்சார்பரே போதும்" என்ற ஒரு வாக்கியத்துக்காகவே அந்தக் கடையை விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம், இந்த இழையைப் படிக்கும் போலோக்காரர்களுக்கு: நமக்கு 5x100, மையத்துளை 57.1. நட் இல்லை, எம்14 போல்ட். கம்பெனி போல்ட்டின் இருக்கை உருண்டை வடிவம், வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய போல்ட்டைப் புது சக்கரத்தில் முடுக்கினால் முடுங்கியதுபோல் இருக்கும், உட்கார்ந்திருக்காது. ஸ்விஃப்டுக்கு எம்12, புரியிடைவெளி 1.25. பலர் 1.5 நட்டைக் கொண்டுவந்து காற்றுத் துப்பாக்கியால் ஏற்றி ஸ்டட்டின் புரியையே அழித்துவிடுகிறார்கள். முதல் மூன்று சுற்றைக் கையால் சுற்றுங்கள். கையால் ஏறாத நட் அந்த வண்டிக்கானது அல்ல.

கிள்ளான்_மைவி

மலேசியாவிலிருந்து ஒரு வணக்கம். இங்கே பெரோடுவா மைவி காரை இறக்காதவரைத் தேடவேண்டும். அதுவும் 4x100, மையத்துளை 54.1, உங்கள் ஸ்விஃப்ட் போலத்தான். இளைஞர்கள் ஸ்பிரிங்கில் ஆரம்பித்து, அது போதாமல் உயரத்தைத் திருகி மாற்றும் காயிலோவருக்குப் போவார்கள். கல்யாணம் ஆகி, பின்னால் குழந்தை இருக்கை ஏறியதும் திருகி மறுபடியும் உயர்த்துவார்கள். காசு இருந்தால் காயிலோவர் வாங்குவதில் இந்த ஒரு நன்மை இருக்கிறது.

சாலைப்_பொறியாளர்

நெடுஞ்சாலைப் பணியில் இருக்கிறேன். காரைப் பற்றி அதிகம் தெரியாது, வேகத்தடையைப் பற்றித் தெரியும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி வட்ட வடிவ வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் வசதியாகத் தாண்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஸ்விஃப்டின் சக்கர இடைவெளி 2.45 மீட்டர். அதாவது விதிப்படியான வேகத்தடையின் மேல் காரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேரத்தில் நிற்க முடியும். அந்த நிலையில் நடுவில் மேடு எவ்வளவு துருத்தும்? 2.45-ஐ இருமடிப் பெருக்கி, 17-இன் எட்டு மடங்கால் வகுத்தால் 44 மி.மீ. வெறும் 44. எவ்வளவு இறக்கிய வண்டியும் ஏறக்குறைய தாண்டிவிடும்.

நம் தெருக்களில் இருப்பது அதுவல்ல. ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகப் போட்ட தார் மேடு, ஓர் அடி அகலம், 10 செ.மீ. உயரம், சில இடங்களில் அதற்கும் மேல். இது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் முழு உயரத்தோடு நிற்கும். உங்கள் வயிற்றுக்கு 44 மி.மீ. போதாது, முழு 100 வேண்டும். வேகத்தைக் குறைத்தால் இடிக்காது என்பது இங்கே உதவாது. நின்று போனாலும் இடிக்கும்.

ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 என்று போட்டிருக்கிறார்கள். 45 போனால் 118. அதன்பின் ஆள் ஏறினால் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கேள்வி கேட்டவரே அளந்துவிடலாம்.

கோவை_வெள்ளை

அளந்துவிட்டேன்! தெர்மோகோல் அட்டைகளை வாங்கி, நடுவில் வண்டிக்கு அடியில் மிகத் தாழ்வாக இருக்கும் இடத்தில் அடுக்கிச் செருகிப் பார்த்தேன். காலியாக ஓர் அளவு, அப்பா, அம்மா, தம்பி, நான், ஊர்ப் பையோடு ஓர் அளவு. நடுவில் 30 மி.மீ. இறங்குகிறது. பின்பக்கம் இன்னும் அதிகம். 163, அதில் 45, அதில் 30. மிச்சம் 88.

எங்கள் குடியிருப்பு வாசலிலேயே ரப்பர் மேடு இருக்கிறது. அதையும் அளந்தேன், 75. தெருமுனைத் தார் மேடு 110.

அம்மா பின் இருக்கையிலிருந்து, "எடை பார்க்கிற எந்திரமாடா இது?" என்று கேட்டார்.

சாலைப்_பொறியாளர்

தெருமுனை மேட்டுக்கு உங்கள் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள். 110 விதிமீறல். அது தனிக்கதை.

ஆனைமலை_வளைவு

45 அதிகம் என்பதை நானே சொல்லியிருப்பேன், யாரும் விடவில்லை. என் கணக்கில் 25, அதற்கு மேல் குடும்ப வண்டிக்கு வேண்டாம். 25 இறக்கினால் அவருக்கு நான்கு பேரோடு 108 மிச்சம். தெருமுனை மேட்டைக் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றிக் கடக்கலாம். நான் அப்படித்தான் கடக்கிறேன்.

ஸ்டாக்கே_அழகு

தன் வீட்டுத் தெருவில் நண்டு நடை.

அலைன்மென்ட்_அண்ணாச்சி

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், குறுக்காகக் கடப்பது சரியான முறைதான்.

25 இறக்கினாலும் அலைன்மென்ட் கட்டாயம், தம்பி. இறக்கும்போது முன்சக்கரத்தின் தலை உள்ளே சாயும், அதோடு டோ எனப்படும் கால்விரல் கோணமும் மாறும். டயரைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். சாய்வு கொஞ்சம் கூடினால் உள்விளிம்பு மெதுவாகத் தேயும். டோ கெட்டிருந்தால் புது டயர் சீக்கிரமே உள்பக்கம் நூல் தெரியும் அளவுக்குப் போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புதிதாக இருக்கும். ஸ்விஃப்டில் முன்னால் டோவைத் திருத்தலாம். பின்னால் முறுக்குக் கட்டை அச்சு, அதில் திருத்த ஒன்றுமில்லை. ஸ்பிரிங் மாற்றியதும் ஒருமுறை, ஸ்பிரிங் பழகி உட்கார்ந்தபின் ஒருமுறை பாருங்கள். ஹெட்லைட் ஒளி விழும் உயரத்தையும் சுவரில் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் ஒளி மூக்குக்கு முன்னாலேயே விழும்.

இழப்பீட்டுக்_கணக்கு

காப்பீட்டு மதிப்பீட்டாளர். "போலீஸ் பிடிக்குமா" என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சக்கரம் ஒன்று, சஸ்பென்ஷன் ஒன்று என்று எண்ணினால் இரண்டு மாற்றம்.

சாலையில் நிறுத்தி ஸ்பிரிங்கை அளக்கிற காவலரை நான் பார்த்ததில்லை. ஆனால் பெரிய விபத்துக்குப் பிறகு நான் அளப்பேன், அதுதான் என் வேலை. விபத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பிருப்பதாகத் தெரிந்தால் உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை சிக்கலாகும். அலாய் போட்டால் பாலிசி புதுப்பிக்கும்போது துணைப்பொருளாக அதன் மதிப்பைத் தெரிவியுங்கள், சிறிது பிரீமியம் கூடும். தெரிவிக்காத அலாய் திருடுபோனால் இரும்புச் சக்கரத்தின் விலைதான் கணக்கில் வரும்.

ஒரு நடைமுறை வழி சொல்கிறேன். அதே மாடலின் உயர் வகைக்கு உற்பத்தியாளரே கொடுத்த அளவில் நின்றுகொள்ளுங்கள். உங்கள் விஎக்ஸ்ஐ-க்கு 14 என்றால் இசட்எக்ஸ்ஐ-க்கு 185/65 ஆர்15 கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவில் நின்றால் யாரிடமும் வாதாட உங்களுக்குக் காரணம் இருக்கும்.

மங்கை_போலோ

இதைத்தான் நானும் எழுத வந்தேன். இசட்எக்ஸ்ஐ வாங்கியவர்கள் பலர் ஷோரூமிலிருந்து வந்ததும் பெரிய சக்கரத்துக்கு மாறிவிட்டு, ஒரிஜினல் 15 அங்குல அலாயை விற்கிறார்கள். 4x100, மையத்துளை 54.1, வளையம் தேவையில்லை, ஆஃப்செட் சரி, கம்பெனி நட்டே பொருந்தும். கொஞ்சம் பெரிதாக வேண்டுமானால் பலேனோவின் 16 அங்குலத்தை 195/55 டயரோடு பார்க்கலாம். விட்டம் 621, தாங்குதிறன் எண் 87, பக்கச்சுவர் 107 மி.மீ. அது ஸ்விஃப்டின் அளவு அல்ல என்பதால் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு அதற்கு இல்லை, ஆஃப்செட்டையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 17-ஐ மறந்துவிடுங்கள்.

பழைய அலாய் வாங்கும்போது டயர் இல்லாமல் வாங்குங்கள். பாலன்சிங் எந்திரத்தில் வெறுஞ்சக்கரத்தைச் சுழலவிட்டு, விளிம்புக்கு அருகில் ஒரு பேனாவைப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி விரிந்து சுருங்கினால் நெளிந்த சக்கரம். பின்பக்க உள்விளிம்பை விரலால் தடவுங்கள், வெல்டிங் மேடு கைக்குத் தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக வைத்திருந்தால் இரட்டிப்புச் சந்தேகம் கொள்ளுங்கள்.

ஆனைமலை_வளைவு

ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் முழங்கை நுழையும் இடைவெளியோடு ஓட்டப்போகிறாரா? அழகுக்காகத்தானே இழையைத் தொடங்கினார்!

நான்காம்_கியர்

அழகு தப்பில்லை, எனக்கும் அந்த இடைவெளி பிடிக்காது. 185 டயர் 15 அங்குல அலாயில் ஏறினாலே பாதிக் குறை தீரும், ஏனென்றால் கண்ணுக்கு உறுத்துவது உயரத்தைவிட 165-இன் ஒல்லிதான். சக்கரத்தை மாற்றி மூன்று மாதம் ஓட்டட்டும். அப்போதும் உறுத்தினால் 25 மி.மீ. ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் ஒரே நாளில், ஒரே கூலியில் மாற்றட்டும், சட்டச் சிக்கலைத் தெரிந்துகொண்டே. முன் ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது மேல் பேரிங்கையும் பார்த்து, தேவையானால் மாற்றிவிடவேண்டும். இரண்டாம்முறை கழற்றினால் மறுபடி அதே கூலி.

கோவை_வெள்ளை

அனைவருக்கும் நன்றி. திருப்பூரில் ஒருவரிடம் இசட்எக்ஸ்ஐ அலாய் நான்கும் கிடைத்தன. வெறுஞ்சக்கரமாகவே சுழலவிட்டுப் பார்த்து, பேனா சோதனையில் தேறாத ஒன்றை விட்டுவிட்டு, அதற்குப் பதில் வேறு இடத்தில் ஒன்று வாங்கினேன். 185/65 ஆர்15, தாங்குதிறன் 88. நேற்று மாட்டியாகிவிட்டது, உரசல் எங்கும் இல்லை. பின்னாலிருந்து பார்க்க நன்றாக இருக்கிறது. ஸ்பிரிங்கை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். ஆனைமலை அண்ணா கோபிக்கவேண்டாம், ஒருநாள் உங்கள் வண்டியில் வால்பாறை வரவேண்டும்.

ஒரு சந்தேகம். திருட்டுக்குப் பயந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பூட்டு நட் வாங்கினேன். ஸ்டெப்னி பழைய 14 அங்குல இரும்புதான். அதற்கு இந்த நட்கள் பொருந்துமா? டயர் அழுத்தம் பழையதே போதுமா?

அலைன்மென்ட்_அண்ணாச்சி

தம்பி, ஸ்டெப்னியின் விட்டம் 620, புதியது 621 அல்லது 622. அவசரத்துக்குத் தாராளமாகப் போடலாம், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துங்கள். இருக்கை இரண்டிலும் கூம்புதான், கம்பெனி நட் இரண்டுக்கும் பொருந்தும். பூட்டு நட்டை மட்டும் இரும்புச் சக்கரத்தில் நம்பவேண்டாம். சிலவற்றின் தலை பருமனாக இருக்கும், ஓட்டைக்குள் முழுதாக இறங்காது. நான்கு கம்பெனி நட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள்.

காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 185/65 ஆர்15-க்கு என்ன போட்டிருக்கிறதோ அது. உங்கள் வண்டியின் தாளில் அந்த அளவு இல்லையென்றால் கையேட்டில் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முடுக்குங்கள், அந்த அளவும் கையேட்டில் உண்டு. பூட்டு நட்டின் சாவியை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். பஞ்சர் நடுக்காட்டில்தான் ஆகும்.

கோவை_வெள்ளை

சாவி வீட்டு அலமாரியில்தான் இருந்தது, அண்ணாச்சி. இப்போதே எடுத்து டாஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டேன்.